இரண்டாம் முறை கேட்கப்பட்ட வினா

நடுவுநிலைமை என்னும் குணம் பிற குணங்களைப் போலக் கண்டவர் மகிழத்தக்கதன்று. ஈகையைப் பெற்றவன் வாழ்த்துவான்; பொறுமைக்குங்கூட உலகம் என்றேனும் தலைவணங்கும். நடுவில் நிற்பவரையோ இருபுறத்தாரும் தம்மவர் அல்லர் என்றே எண்ணுவர். அக்குணத்தைக் கைக்கொண்டவர்க்கு அதனால் வரும் பயன், அதனைக் கைவிடாதிருந்தோம் என்னும் ஆறுதல் ஒன்றே. அந்த ஆறுதலும் இல்லாமற்போன ஒருவரின் வாழ்வு இங்கே சொல்லப்படுகிறது.

அவர் மக்கள் கருத்தறியும் நிலையம் ஒன்றின் களப்பணியாளர். வினாத்தாளும் அட்டையும் ஏந்தி வீடுவீடாகச் சென்று விடை குறித்துவருவது தொழில். சோப்பு நுரைக்கிறதா, பேருந்து வேளைக்கு வருகிறதா, மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று இருபத்தாறு ஆண்டுகள் பிறர் வாசலில் நின்று கேட்டவர். வாசற்படிக்கு ஒரு படி கீழேதான் நிற்பார். உள்ளே எட்டிப்பார்ப்பதாக ஒருவரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக. வினாவை வாசிக்கையில் குரல் ஏறாது, இறங்காது, புருவமும் அசையாது. அலுவலகத்தார் அவருக்குத் "தராசு அக்கா" என்று பெயர் வைத்திருந்தனர்.

"அக்கா, உங்க வீட்டுல தீப்பிடிச்சாக்கூட, 'தீ பெரிது, சிறிது, கருத்து இல்லை, இதுல எது'ன்னுதான் கேப்பீங்க" என்பாள் தட்டச்சு செய்யும் பெண்.

"ஆமா. பதிலைக் குறிச்சிக்கிட்டுத்தான் தண்ணி ஊத்துவேன்" என்பார் அவர், முகத்தில் சிரிப்பின்றி.

அந்தத் தொழிலுக்கு விதிகள் உண்டு. ஒவ்வொரு ஏழாவது கதவையும் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் வேறு வேறு நாளில் மும்முறை வந்து பார்க்க வேண்டும். வினாவை அச்சில் உள்ளவாறே வாசித்து, ஐந்து எண்ணும் அளவு காத்திருக்க வேண்டும். விடை தெளிவில்லாவிட்டால் மட்டும் ஒருமுறை மீண்டும் வாசிக்கலாம். அனைத்தையும் சிறு கருவி ஒன்று ஒலிப்பதிவு செய்யும். இவ்விதிகள் அவருக்கு மூச்சு விடுவதைப் போன்றவை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு கூடமும் ஓர் அறையும் கொண்ட வீட்டில், தம்பியின் மனைவியோடும் தம்பியின் மகளோடும் வாழ்ந்தார். தம்பி அங்கே இல்லை. போக்குவரத்துப் பணிமனையில் இயந்திரம் பழுதுபார்ப்பவனாயிருந்து, வேலையினின்று நீக்கப்பட்ட அன்று மாலை மேலாளரின் வீட்டுக்குப் போய், கையிலிருந்த திருகுசாவியால் அவரையும் தடுக்கவந்த அவர் மனைவியையும் அடித்துக் கொன்றுவிட்டான். தான் செய்யவில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் அது அவனுக்கு ஒன்பதாம் ஆண்டு.

வழக்கு நடந்தபோது இவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வீடு திரும்பிய தம்பி என்ன செய்தான் என்று கேட்டார்கள். குழாயடியில் கை கழுவினான், பிறகு சாப்பிட உட்கார்ந்தான் என்றார். அழுதானா என்று கேட்டார்கள். இல்லை என்றார். தீர்ப்பில் நீதிபதி அந்த ஒரு சொல்லை எடுத்தெழுதியிருந்தார்.

"அழுதாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி" என்று தம்பியின் மனைவி ஒருமுறை கேட்டாள். ஒரே ஒருமுறைதான். பிறகு மூவரும் ஊர் மாறி வந்தார்கள். மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. புது ஊரில் ஒருவருக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. அவர் மாற்றல் பெற்று வந்த கிளை அலுவலகத்துக்கும் தெரியாது.

பத்தாண்டுகளாக அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. கருணை மனுக்கள் நான்கு அடுக்கிக் கிடந்தன, இரண்டாவது தம்பியுடையது. அவ்வாண்டு ஒரு கொடுங்கொலை நடந்து நாடு கொதித்தது. தொலைக்காட்சியில் மாலைதோறும் ஆறு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். நாளிதழ்கள் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பக்கம் கூட்டின. முடிவில் அரசு, மக்களையே கேட்போம், பெரும்பாலோர் வேண்டும் என்றால் நான்கு மனுக்களையும் தள்ளிவிடுவோம் என்று அறிவித்தது. பன்னிரண்டாயிரம் வீடுகளில் கருத்துக் கேட்கும் பணி, அவர் வேலைசெய்யும் நிலையத்துக்கு வந்தது. அவர் பங்கு இருநூற்றுப் பத்து வீடுகள்.

அன்று மாலை தம்பியின் மனைவி சலவைக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பேப்பர்ல பாத்தேன். உங்க ஆபீஸ்தானாமே?"

"ஆமா."

"கடவுளாப் பாத்துக் கொண்டுவந்து உங்க கையில குடுத்திருக்காரு அண்ணி."

"எங் கையில கேள்விதான் குடுத்திருக்காங்க. பதில் அவங்கவங்க வாயில இருக்கு."

"கேக்கிற விதத்துல கேட்டா பதில் மாறாதா? நீங்கதானே சொல்லியிருக்கீங்க, கடைசியாக் கேட்டதுதான் நாக்குல ஒட்டும்னு. குரலைக் கொஞ்சம் இறக்கி, 'பாவங்க'ங்கிற மாதிரி முகத்தை வச்சிக்கிட்டா..."

"அது எனக்கு வராது."

"வராதா, மாட்டீங்களா?"

அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். "வேற யாராவது போகட்டும்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"வேற யாராவது போனா?"

"அவசரத்துல பாதிக் கேள்வியை முழுங்குவாங்க. தூக்குன்னு சொல்றப்ப அவங்க குரலே ஏறும். நான் போனா கேள்வியாவது நேராப் போய்ச் சேரும்."

"அப்ப நீங்களே போங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள்.

உறவு உண்டென்று அலுவலகத்தில் சொல்லி விலகியிருக்க வேண்டும். அவர் விலகவில்லை. சொன்னால் வீட்டின் மறைவு தெருவுக்கு வரும் என்பது ஒரு காரணம். தம் நடுவுநிலைமையை அவரே முழுவதும் நம்பினார் என்பது மற்றொரு காரணம்; வலுவான காரணமும் அதுவே.

ஏழாவது கதவு ஒரு முடிதிருத்துபவருடையது. வார விடுமுறை நாளாதலால் வீட்டிலிருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டோர்க்கு அதனை நிறைவேற்ற வேண்டும் என்னும் கருத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா, கருத்து இல்லையா என்று இவர் அச்சிட்டபடி வாசித்தார்.

"இதுக்கா இவ்வளவு பெரிய காகிதம்? போடணும், தூக்குல போடணும். தினம் அம்பது பேர் கழுத்துல கத்தி வைக்கிறேன் நான். ஒருத்தரையாவது கீறியிருப்பேனா? மனுசன்னா கை நடுங்கணுங்க. நடுங்காதவன் எதுக்கு இருக்கணும்?"

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போன வாரம் எங்கண்ணன் காதைக் கீறினது யாராம்?"

"அது காது. இந்தம்மா கேக்கிறது கழுத்து. நீ உள்ள போ."

ஏற்கிறார் என்று குறித்துக்கொண்டு, நன்றி கூறி, அடுத்த ஏழாம் கதவுக்கு நடந்தார்.

அங்கே செருப்புத் தைப்பவர் ஒருவர் வீட்டு வாசலிலேயே ஊசியும் கையுமாயிருந்தார். "வேண்டாங்க. அரசாங்கத்துக்குப் பத்து ஜோடி பூட்ஸ் தச்சுக் குடுத்தேன். வாங்கிட்டுப்போய் எட்டு ஜோடியும் ஒத்தையா நாலும்னு எழுதி வச்சிருக்காங்க. எண்ணத் தெரியாதவன் கையில உசிரைக் குடுக்கலாமா?"

பேனா தாளின்மேல் நின்றது. அவர் மீண்டும் வாசித்தார். ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா, கருத்து இல்லையா என்று.

"என்னம்மா, காது கேக்காதா? வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மூணு தடவை சொல்லிட்டேன், மூணு ஓட்டாப் போட்டுக்க."

ஏற்கவில்லை என்று ஒன்று குறித்தார்.

மூன்றாம் நாள், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த ஓர் இளம்பெண் கதவைத் திறந்தாள். வினாவைக் கேட்டதும், "ஐயோ, வேண்டாங்க. யார் பெத்த பிள்ளையோ" என்றாள். இவர் மீண்டும் ஒருமுறை வாசித்தார். அவள் உள்ளே திரும்பி மாமியார் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேனா அக்கா?"

"தப்பு, சரி ரெண்டும் இதுல இல்லம்மா. உங்க கருத்துதான்."

"அப்ப... ஏற்கிறேன்னே போட்டுக்கோங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க."

அவ்வாறே குறித்தார்.

அந்த வாரத்தின் கடைசி வீட்டில் ஒரு முதியவர் தனியாயிருந்தார். அவர் மகளைக் கொன்றவன் பதினோராண்டாகச் சிறையில் இருந்தான். நான்கு மனுக்களுள் மூன்றாவது அவனுடையது. இதை அவரே சொன்னார். வினாவைக் கேட்டதும் நெடுநேரம் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் உள்ள மூணு வேளை சாப்பிடறான். எனக்கு ஒரு வேளை இறங்க மாட்டேங்குது. அவனைத் தொங்கவிட்டா இறங்குமான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இறங்காதும்மா. வேண்டாம்னு போட்டுக்க."

நான்கு உயிர்களுக்கும் ஒருசேரப் பரிந்த சொல் அது. இவர் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டார். முகம் அசையவில்லை. குரல் ஏறாமல், இறங்காமல், வினாவை மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்.

முதியவர் தலைகுனிந்தார். "மறுபடி கேக்கிறியேம்மா. எம் பொண்ணே கேக்கிற மாதிரி இருக்கு. சரி, வேணும்னே போட்டுக்க. அப்பனே விட்டுட்டான்னு ஆகக்கூடாது."

அவ்வாறே குறித்தார்.

பணி நடந்துகொண்டிருந்த நாட்களில் தம்பி மகளின் பள்ளியில் விவாதப் போட்டி வைத்தார்கள். தலைப்பு நாடெங்கும் பேசப்பட்ட அதே தலைப்பு. எப்பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள். அவளுக்கு "வேண்டும்" என்னும் சீட்டு வந்தது. ஏன் முடியாது என்று காரணம் சொல்ல இயலாமையால் பேசினாள். முதற்பரிசு பெற்றாள்.

கோப்பையைப் புத்தகப்பைக்குள் வைத்தே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாய் அதைக் கண்டெடுத்துத் தலைப்பைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"என்னடி பேசினே?"

"எல்லாரும் பேசறதைத்தான்மா. டி.வி.யில சொல்றதையெல்லாம் எழுதிவச்சிப் படிச்சேன்."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க." பிறகு அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "அத்தை, நான் நல்லாப் பேசினேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அத்தை அவள் தலையைத் தடவினார். யார் கருத்தைக் கேட்டும் கருத்துரைக்கும் வழக்கத்தை அவர் என்றோ இழந்திருந்தார்.

இருநூற்றுப் பத்தும் முடித்துக் கட்டுக்கட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சரிபார்ப்பு அதிகாரி அவரை அழைத்தார். களப்பணியாளர் ஒவ்வொருவரின் ஒலிப்பதிவையும் கேட்டுப்பார்ப்பது அவர் வேலை. இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவருடைய கட்டைச் சரிபார்ப்பதை வீண்வேலை என்று முன்பெல்லாம் நகையாடுபவர். அன்று நகையாடவில்லை.

"அக்கா, உக்காருங்க. ஒரு சந்தேகம். நான் சும்மா இருபது வீடு கேக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் இருநூத்திப் பத்தையும் கேட்டுட்டேன்."

"ஏன், குரல் தெளிவா இல்லையா?"

"குரல் மணி மாதிரி இருக்கு. வேணும்னு சொன்ன நூத்தி முப்பத்தோரு பேர்கிட்ட ஒரு தடவைதான் கேட்டிருக்கீங்க. கருத்து இல்லைன்னவங்க பதினேழு பேர், அவங்ககிட்டயும் ஒரு தடவைதான். வேண்டாம்னு சொன்ன அறுபத்திரண்டு பேர்கிட்டயும் ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க. ஒருத்தர் விடாம."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெளிவாச் சொன்னவங்ககிட்டகூட. மறுபடி கேட்டா, நாம தப்பாச் சொல்லிட்டோம்போலன்னு மாத்திடுவாங்க, கேக்காதீங்கன்னு புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே அக்கா சொல்லுவீங்க? இருபத்திமூணு பேர் மாத்தியிருக்காங்க."

அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அவர் அந்த முதியவர் வீட்டு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். முதியவரின் குரல் வந்தது. பின்னர் இவருடைய குரல், முதன்முறை வாசித்த அதே அளவில், அதே நிறுத்தத்தில், இரண்டாம் முறை. கேட்கக் கேட்க அவருக்கு விளங்கிற்று. வேண்டாம் என்று எவர் சொன்னாலும், அது தம் முகத்தைப் பார்த்துச் சொன்னதோ, தம் குரலில் ஏதோ கசிந்துவிட்டதோ என்று உள்ளம் நடுங்கியிருக்கிறது. தம்பிக்காகத் தாம் சாய்ந்துவிடலாகாது என்று ஒவ்வொரு வாசலிலும் எதிர்ப்புறம் ஓரடி நகர்ந்து நின்றிருக்கிறார். நகர்ந்ததை அவர் அறியவில்லை. நேரே நிற்பதாகவே எண்ணியிருந்தார்.

"மனுக்கள்ல ரெண்டாவது என் தம்பியோடது" என்றார்.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு அமர்ந்தார். மேசைமேலிருந்த தாள்களை ஒழுங்குசெய்தார்.

"நான் மறுபடி போறேன். அந்த அறுபத்திரண்டு வீட்டுக்கும்."

"விதியில இடமில்லைங்க அக்கா. உறவு இருந்தா கட்டு முழுக்கச் செல்லாது. நான் எடுத்துத்தான் ஆகணும்."

"மாறாம நின்னவங்க முப்பத்தொன்பது பேர். அவங்க சொன்னதுமா?"

"எல்லாமேதான்."

செருப்புத் தைப்பவர் மும்முறை சொன்ன சொல்லும் அந்தக் கட்டில் இருந்தது.

"வேற ஆளையாவது அனுப்புங்க."

ஆறுதலாயிருக்கும் என்று கருதியே அதிகாரி அடுத்ததைச் சொன்னார். "மனசுல போட்டுக்காதீங்க அக்கா. நாடு பூராவும் கூட்டிப் பாத்தாச்சு. வேணும்னு எழுபத்தொரு சதவீதம், வேண்டாம்னு இருபத்தொண்ணு. உங்க கட்டைச் சேத்தாலும் அதேதான், எடுத்தாலும் அதேதான். நீங்க தப்பே பண்ணாம இருந்தாலும் அதேதான்."

இருபத்தாறு ஆண்டு உழைப்பில் அவர் செய்த பிழை ஒன்று. அதற்கும் உலகில் எடையில்லை என்று அறிந்து வெளியே வந்தார்.

வீட்டில் தம்பியின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். அவள் கூச்சலிடுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி, நீங்க எங்களை விட்டுக்குடுத்துடுவீங்கன்னு. கெட்டவங்கன்னா ஊரானை விட்டுக்குடுப்பாங்க. நல்லவங்க சொந்தத்தைத்தான் விட்டுக்குடுப்பாங்க."

"வேணும்னு செய்யல."

"அதுவும் தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம்." போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

முடிவு வெளியாயிற்று. தொலைக்காட்சியின் ஆறு பேரும் மக்கள் தீர்ப்பு என்றனர். அவர்களுள் வேண்டாம் என்று வாதிட்டவரும், மக்கள் சொன்னபின் மறுபேச்சில்லை என்று புன்னகைத்தார். மூன்றாம் வாரம் மனுக்கள் நான்கும் தள்ளப்பட்டன. நாள் குறிக்கப்பட்டது.

கடைசிச் சந்திப்புக்கு மூவரும் போனார்கள். மனைவிக்கும் மகளுக்கும் பிறகு அவர் முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி மெலிந்திருந்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தார்கள். தொலைபேசியைக் காதில் வைத்தான்.

"அக்கா, எத்தனை பேர் வேண்டாம்னாங்க?"

"நூத்துக்கு இருபத்தொண்ணு."

அவன் கணக்குப் போடுபவன்போல மேலே பார்த்தான். "அவ்வளவு பேரா? நீங்க மூணு பேரும்தான்னு நான் நினைச்சேன். யாரு அவங்கல்லாம்?"

"பேரு கேக்கக்கூடாது. விதி."

அவன் சிரித்தான். ஒன்பதாண்டில் அவன் சிரித்து இவர் பார்த்ததில்லை.

"உன் விஷயத்துல நான் தப்புப் பண்ணிட்டேன்டா."

"கோர்ட்டுலயா? அது சரிதான் அக்கா. நான் அழலையே."

"கோர்ட்டுல இல்ல. வாசல்ல..."

காவலர் நேரம் முடிந்தது என்றார். தொலைபேசி நின்றுபோயிற்று. அவர் கண்ணாடிக்கு இப்பால் வாயசைத்துச் சொல்லிப்பார்த்தார். அவன் விளங்கியவனைப்போலத் தலையாட்டினான்; ஒன்றும் விளங்கியிராது.

குறித்த நாளின் அதிகாலையில் அது நடந்தது. ஏழு மணிச் செய்தியில் நான்கு பெயர்களும் வரிசையாக வாசிக்கப்பட்டன. வாசித்தவரின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அவரைக் களப்பணியிலிருந்து நீக்கி, விடைத்தாள்களுக்கு எண்ணிடும் மேசையில் அமர்த்தினார்கள். அங்கே எவரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தம்பியின் மனைவி நான்காம் நாள் சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள். மகள் பள்ளிக்குப் போகிறாள். பேச்சுப் போட்டி எதற்கும் பெயர் கொடுப்பதில்லை. காலையில் மூவரும் ஒன்றாகப் படியிறங்கி, தெருமுனையில் மூன்று திசையாகப் பிரிகிறார்கள். மாலையில் ஒன்றாக உண்கிறார்கள். உப்பு வேண்டுமா, விளக்கை அணைக்கவா என்பதற்குமேல் அவ்வீட்டில் பேச்சில்லை.

எல்லா உயிர்க்கும் வரவும் போக்கும் அறிந்த இறைவன் அந்த இரண்டாம் மாடி வீட்டை மறவாதிருப்பானாக. நோய் அங்கே படியேறாதிருக்க. உழைத்து வந்த உடம்புக்கு உறக்கம் வாய்க்க. அடுப்பு எரிக, விளக்கு நிலைக்க. அம்மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, ஒரு நாளேனும் வாய்விட்டு அழும் பேறு பெறுக. அவ்வில்லம் வாழ்க.